ஆணியில் மாட்டிய பட்டை

வலது கை சட்டைக்குள் போகவில்லை.

இடது கையை எப்படியோ நுழைத்துவிட்டார்கள். டெய்லரை அவருடைய அக்கா முதுகுப்பக்கம் தாங்கிப் பிடித்திருக்க, அவர் மனைவி வாத்தியாரம்மா சட்டைக் கையைச் சுருட்டி விரித்து அவர் விரல்களை அதற்குள் விட்டுப் பார்த்தாள். முழங்கை மடங்கினால்தான் மேற்கொண்டு போகும். அது மடங்க மறுத்தது. விடியுமுன்பே ஆஸ்பத்திரியில் உயிர் அடங்கிவிட்டது. காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, வண்டி பிடித்து, வீடு வந்து சேர்வதற்குள் மணி எட்டு. உடம்பு அதற்குள் தன் பாட்டுக்கு இறுக ஆரம்பித்திருந்தது.

“முதுகுப்பக்கம் வெட்டிடலாம். படுக்கவெச்சா யாருக்குத் தெரியப்போகுது” என்று நாத்தனார் தையல் மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலைக் காட்டினாள்.

அந்தக் கத்தரிக்கோலை அவர் காகிதம் வெட்டக்கூட யாருக்கும் கொடுத்தது கிடையாது. ஒருமுறை வாத்தியாரம்மா அவசரத்துக்குப் பால் பாக்கெட்டை அதில் வெட்டிவிட்டு இரண்டு நாள் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

“துணியை வெட்டவேணாம் அண்ணி. தையலைப் பிரிச்சிடலாம்.”

“இனிமே அதெல்லாம் யாரு பார்க்கப்போறா?”

“அவர் பார்ப்பாரு.”

நாத்தனார் காட்டிய கையை இறக்கிக்கொண்டாள். வாத்தியாரம்மா அக்குளிலிருந்து மணிக்கட்டுவரைக்கும் உள்தையலை பிளேடு முனையால் ஒவ்வொன்றாகக் கிளப்பினாள். அவரே தனக்குத் தைத்துக்கொண்ட சட்டை. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் போடுகிற மனுஷன், லேசில் பிரியுமா? கால் மணி நேரம் பிடித்தது. பிரித்த கையைப் போர்வைபோல அவர் கையைச் சுற்றி மூடிவிட்டு, இருவருமாக மெல்லப் படுக்க வைத்தார்கள்.

“பாரேன், என்ன நேரா படுத்திருக்கான்” என்றாள் நாத்தனார்.

முப்பது வருஷம் மிஷின்மேல் குனிந்தே கிடந்த முதுகு அது. தோள் இரண்டும் முன்னால் வந்து, கழுத்து நீண்டு, நடந்தால்கூடத் தரையில் விழுந்த ஊசியைத் தேடிக்கொண்டு போகிறவர் மாதிரி இருப்பார். நிமிருங்க, நிமிருங்க என்று வாத்தியாரம்மா சொல்லாத நாள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் சொல்லியும் நிமிராத முதுகு இன்று பலகைபோலக் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பொத்தானைப் போட்டாள்.

அவளுடைய பிழைப்பே மற்றவர்களை நிமிர வைப்பதுதான். ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் குதிரைச் சவாரிப் பள்ளியில் இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொப்பை விழுந்த அதிகாரிகள், மேலே ஏறியதும் அம்மாவைக் கூப்பிடுகிற வாலிபர்கள் என்று எத்தனையோ பேர் அவள் குரலுக்கு முதுகை நிமிர்த்தியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம்தான். காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே நேரில் நிற்கவேண்டும். முழங்கை விலாவை விட்டுப் போகக்கூடாது. முழங்கையில் தொடங்கி மணிக்கட்டு வழியாக, கடிவாள வார் வழியாக, குதிரையின் வாய்வரைக்கும் ஒரே கோடு. கட்டைவிரல் மேலே பார்க்கவேண்டும். பிடி மூடியிருக்கவேண்டும், ஆனால் இறுகக்கூடாது. குதிரை தலையாட்டினால் கையும் கூடவே போய்வர வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவள் வீட்டிலேயே ஒரு கூன் முதுகு இருந்தால் தெரு சும்மா இருக்குமா? டெய்லர் அதை முந்திக்கொண்டு தானே சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்கு வந்தவர்களிடம், “இவ ஊரையே நிமுத்துவா, நான் ஊருக்கே குனிஞ்சு அளவெடுப்பேன், கணக்கு சரியாப்போச்சு” என்பார்.

ஐம்பது வயசில் அவருக்குத் திடீரென்று ஆசை வந்தது. வீட்டு முன்னறைதான் கடை; அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேறிய மாணவர்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு அவள் கரைமேல் குதிரையில் போவதும் தெரியும். எத்தனை வருஷம்தான் உன் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஒருநாள் பக்கத்தில் வரவேண்டும் என்றார். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். மறுநாள் தனக்கென்று சவாரிக் கால்சட்டை ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டு மைதானத்தில் வந்து நின்றுவிட்டார்.

அவருக்குப் பஞ்சுவைக் கொடுத்தாள். பள்ளியிலேயே வயசான சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை, பேருக்கேற்ற சுபாவம். குதிரைகளுக்குச் சேணம் போட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிற ஆளுக்கு லாடம் என்று பட்டப்பெயர். பன்னிரண்டு வருஷமாக லாயமே அவன் கையில்தான். டெய்லரும் லாடமும் ஒரே தூக்குச் சட்டியில் மத்தியானம் சாப்பிடுகிற சிநேகம்.

முதல் நாள் பஞ்சுமேல் ஏறி உட்கார்ந்ததும் டெய்லர் கடிவாள வாரை இரண்டு கையாலும் நெஞ்சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் இரண்டும் உள்பக்கம் கவிழ்ந்துகொண்டன.

“அது நூல் இல்லீங்க. அந்தப் பக்கத்துல வாய் இருக்கு” என்றாள்.

“எந்தப் பக்கத்துலயும் வாய்தானா எனக்கு” என்றார். லாடம் வேலிமேல் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

“இங்க வந்தா நான் பொண்டாட்டி இல்ல, ஞாபகம் இருக்கட்டும்.”

“வீட்லயும் நீதானே வாத்தியாரே சவாரி பண்ற.”

இப்படிப் பேசியே நாலு மாசம் போனது. கோடு கோடு என்று அவள் கத்துவது அவருக்கு முதலில் மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையைத் தன் முழங்கையில் வைத்துக்கொண்டு, மறுமுனையைக் குதிரையின் வாயோரம் பிடிக்கும்படி லாடத்திடம் கொடுத்தார். நாடா நேராக ஓடியது. நடுவில் அவருடைய மணிக்கட்டுதான் முட்டுக்கட்டைபோல மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அடடா, கோணல் இங்கேதானா என்றார். தையலில் கோணல் விட்டவர் இல்லை அவர். அன்றிலிருந்து மணிக்கட்டு இறங்கியது. ஆனால் குதிரை நடையிலிருந்து கொஞ்சம் ஓட்டத்துக்கு மாறினால் போதும், முதுகு பழையபடி மிஷினுக்குப் போய்விடும்; கை பழையபடி நெஞ்சுக்கு ஏறிவிடும்.

புதுசாக ஏறுகிறவர்களுக்கென்று குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு தோல் பட்டை கட்டுவது வழக்கம். தடுமாறினால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கடிவாளத்தில் தொங்கிக் குதிரையின் வாயை நோகடிக்க வேண்டியதில்லை. டெய்லர் தடுமாறாதபோதும் அதைப் பிடித்துக்கொண்டார். அதைப் பிடிக்கக் குனிந்தார். குனிந்ததால் இடுப்பு ஆடியது. இடுப்பு ஆடியதால் இன்னும் இறுக்கிப் பிடித்தார். கை கெட்டுப்போவது கையால் இல்லை, உட்காருகிற விதத்தால் என்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் சொல்லிக் கொடுத்தவள். அவர்களுக்கு ஆறு மாசம் ஆகும்வரை அந்தப் பட்டையை அவிழ்க்கவே மாட்டாள். கால் மாட்டுகிற அங்கவடியில்லாமல் மைதானத்தைப் பத்துச் சுற்று வந்தபிறகுதான் அவிழ்ப்பாள். அது அவளே போட்ட சட்டம்.

நாலு நாளைக்கு முன்னால், காலையில், டெய்லர் மூன்று சுற்று வந்தார். அப்படி ஒரு மூன்று சுற்றை அவள் அவரிடம் பார்த்ததே இல்லை. தோள் பின்னால் போயிருந்தது. பார்வை பஞ்சுவின் காதுகளுக்கு நடுவில் நின்றது. முழங்கை விலாவோடு ஒட்டி, கட்டைவிரல் மேலே பார்த்து, இரண்டு கையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவருவதுபோல வந்தன. அவளுக்கு என்னவோ செய்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றிவிட்டது. பஞ்சுவை நிறுத்தி, கழுத்துப் பட்டையின் கொக்கியைக் கழற்றினாள்.

“பிடிமானம் இல்லாம எப்படி வாத்தியாரே?”

“நான் இருக்கேன்ல” என்றாள்.

லாடம் அப்போது அங்கே இல்லை. சேணம் போட்டு, பட்டை கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த குதிரையைத் தேய்க்கப் போயிருந்தான். நாலாவது சுற்றில் அவள் சின்ன ஓட்டத்துக்குச் சொன்னாள். பாதிச் சுற்று நன்றாகத்தான் போனது. தீவனக் கொட்டகைமேல் போட்டிருந்த தார்ப்பாய் காற்றில் படக்கென்று தூக்கி அடித்தது. பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கியது. அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் பட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். டெய்லர் குனிந்து ஒரு கையால் பட்டையைத் தேடினார். அது அங்கே இல்லை. மற்றக் கை கடிவாளத்தோடு நெஞ்சுக்கு ஏறியது. வாயில் வலி பிடுங்கியதும் பஞ்சு தலையைத் தூக்கிப் பின்னால் போனது. அவர் பின்பக்கமாக வேலிக் கட்டைமேல் விழுந்தார். தலைக்கவசம் உடையவில்லை. கழுத்துதான்.

அவள் ஓடினாள். போன் சேண அறையில் அவளுடைய பையில் இருந்தது. அறைக்குள் போய், பையை எடுத்து, ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்ப ஓடிவந்தாள்.

லாயத்தில் ஒரு பழக்கம் உண்டு. கையில் எது இருந்தாலும் முதலில் அது அதன் ஆணிக்குப் போகவேண்டும், பிறகுதான் அடுத்த வேலை. தரையில் கிடக்கிற ஒரு வார் போதும், குதிரையின் காலில் சிக்கி அதை முறித்துப்போட. அதனால் அங்கே சேர்கிற ஆளுக்கு முதலில் ஆணிகளைத்தான் காட்டுவார்கள். குதிரைக்கு ஒரு ஆணி. பஞ்சுவினுடையது கதவுக்கு வலதுபக்கம் எட்டாவது. போனுக்காக ஓடிய வாத்தியாரம்மாவின் கை, அவளைக் கேட்காமல், பட்டையை எட்டாவது ஆணியில் மாட்டிவிட்டது. இருபது வருஷப் பழக்கம். மாட்டியது அவளுக்கு அப்போது தெரியவே தெரியாது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் தெரிந்தது. பள்ளி முதலாளி வந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் ஒரு காரணம் கிடைத்தாகவேண்டும் அவருக்கு. நேரே லாடத்திடம் போய், பட்டை ஆணியிலேயே தொங்குகிறதே, நீ கட்டவில்லையா என்று கேட்டார். லாடம் வாயைத் திறந்து மூடினான். எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிறவன்போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றான்.

“மறந்திருப்பேன் போலிருக்கு சார்” என்றான்.

வாத்தியாரம்மா இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். சொல்ல வாயெடுத்தாள். அதே நேரத்தில் நர்ஸ் உள்ளே கூப்பிட்டாள். போய்விட்டாள். அதுதான் நடந்தது. யாராவது கேட்டால் அதற்கு மேல் அவளுக்கு எதுவும் சொல்லத் தெரியாது. அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் லாடம் வரவில்லை. வரக்கூடாது என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். அதற்கடுத்த நாளும் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் டெய்லர் கண் திறந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சும் காற்றாகத்தான் வந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

“கை எப்படி இருந்துச்சு?” என்றார்.

அந்த மூன்று சுற்றைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“சரியா இருந்துச்சு. கோடு போட்ட மாதிரி.”

“பார்த்தியா” என்று கண்ணை மூடிக்கொண்டார். பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் போட்டிருந்தார்கள். மிஷினை நகர்த்த இடமில்லாமல் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, சவப்பெட்டியை அதன் பக்கத்திலேயே வைத்தார்கள். தைக்கக் கொடுத்திருந்தவர்கள் வந்தார்கள். பக்கத்துத் தெரு மாவுமில்காரர், தான் கொடுத்த கால்சட்டைத் துணியைப் பற்றிக் கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரம்மா எழுந்துபோய் அதை எடுத்து, வெட்டினபடியே மடித்து, அவர் கையில் கொடுத்தாள். மனுஷர் கூசிப்போனார்.

லாடம் ஒன்பது மணிக்கே வந்திருக்கிறான். வாசற்படியில் கால் வைக்கும்போது நாத்தனார் எதிரே போய் நின்றாள். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனுக்குத் தையல் கடை வைக்கத் தன் கழுத்தில் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

“எந்தக் கையால கட்ட மறந்தியோ, அந்தக் கையால என் தம்பியைத் தொடாதே.”

அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். போனவன் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் மின்கம்பத்தடியில் நின்றுவிட்டான். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. நிழல் அவனை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. அவன் அதன் பின்னால் போகவில்லை.

மத்தியானம் முதலாளி மலர்வளையத்தோடு வந்தார். சாவு வீட்டில் சொல்லக்கூடாதுதான் என்று ஆரம்பித்து, லாடத்தை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். பன்னிரண்டு வருஷ ஆள், மனசு கேட்கவில்லை, ஆனால் நாளைக்கு இன்னொருத்தர் பிள்ளைக்கு இப்படி ஆனால் என்று இழுத்தார். தன் கையெழுத்தோடு ஒரு சான்று இல்லாமல் எந்த லாயத்திலும் இனிமேல் அவனைச் சேர்க்கமாட்டார்கள் என்பதும் அவர் பேச்சிலேயே இருந்தது. வாத்தியாரம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் தலையாட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார்.

அவள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். வாசலிலிருந்து மின்கம்பம் முப்பது அடி இருக்குமா? அதற்குள் முதல் வார்த்தையை நாலு தடவை மாற்றினாள்.

லாடம் முந்திக்கொண்டான்.

“அன்னிக்குக் காலைல நடந்ததை ஒன்னொன்னா எடுத்துப் பார்க்கிறேன்க்கா. தண்ணி காட்டினேன். முதுகைத் தேச்சேன். சேணம் வெச்சேன், வயித்து வாரை இறுக்கினேன், பஞ்சு வழக்கம்போல வயித்தை உப்பிக்கிச்சு, ஒரு தட்டு தட்டினேன். எல்லாம் ஞாபகம் இருக்கு. பட்டை மட்டும் வரமாட்டேங்குது. கட்டின மாதிரிதான் இருக்கு. ஆனா அது முந்தினநாள் கட்டினதா இருக்கலாம்ல? தினமும் கட்டறவனுக்கு எந்த நாள்னு எப்படித் தெரியும்?”

அவன் உதடு வெடித்திருந்தது. மூன்று நாளாகத் தூங்காத கண்.

“சாப்ட்டியா?” என்றாள்.

அவன் இல்லையென்று தலையாட்டினான். சொம்பை வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. அவள் திரும்பி வந்தாள். முப்பது அடியும் முதுகு கூசியது. வாசலில் ஏறும்போதுதான் தான் குனிந்து நடந்து வந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

நாலு மணிக்கு வேன் வந்தது. தெரு குறுகல், வேன் முனையிலேயே நின்றுகொண்டது. அதுவரைக்கும் பெட்டியைத் தோளில் தூக்கிப் போகவேண்டும். ஆறு பேர் வேண்டும். மாவுமில்காரர், முதலாளி, பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர், நாத்தனார் வீட்டுக்காரர் என்று ஐந்து தேறியது. ஆறாவதுக்கு வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

“எதிர்லதான் லாடம் நிக்கிறானே, கூப்பிடுங்க” என்றார் மாவுமில்காரர், ஒன்றும் தெரியாமல்.

“அவன் வேணாம்” என்றாள் நாத்தனார். “ஆள் கிடைக்கலேன்னா நானே தூக்கறேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு பெட்டியின் கால்மாட்டில் வந்து நின்றாள். அறுபது வயசு; முட்டி வலிக்காரி. குனிந்து பெட்டியின் அடியில் கை கொடுத்தாள். ஐந்து ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அவன் கட்டியிருந்தான் அண்ணி” என்றாள் வாத்தியாரம்மா.

நாத்தனார் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

“பஞ்சு கழுத்துல அன்னிக்குப் பட்டை இருந்துச்சு. நான்தான் கழட்டினேன். அவர் நல்லா உட்கார்ந்திருந்தாரு. இனிமே வேணாம்னு நினைச்சேன். கையில வெச்சிருந்தேன், போனுக்கு ஓடினப்ப ஆணியில மாட்டினதும் நான்தான். லாடம் எதையும் மறக்கல.”

மைதானத்தில் ஐம்பது அடி தள்ளி நிற்கிறவனுக்கும் கேட்கிற குரல் அவளுடையது. இப்போது பெட்டியைச் சுற்றி நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. முதலாளி தரையைப் பார்த்தார். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

நாத்தனார் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“எப்ப சொல்லலாம்னு இருந்தே?”

“தெரியல அண்ணி.”

“மண்ணு போட்டதுக்கப்புறமா?”

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்து அரை அடி முன்னால் வந்தார். அவள் அடிக்கவில்லை. சொருகிய சேலையை இடுப்பிலிருந்து உருவிவிட்டாள்.

“வெளிய நிக்கறவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. எங்ககிட்ட சொல்லி என்ன?”

வாத்தியாரம்மா போனாள். இந்தமுறை தெரு முழுக்கப் பார்த்தது. லாடம் நின்ற இடத்திலேயே நின்றான், காலடியில் சொம்பு அப்படியே இருந்தது. அவள் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு அடி தள்ளி நின்றதையும் சொன்னாள்.

அவன் காலடியில் இருந்த சொம்பைப் பார்த்தான். பிறகு, “கட்டினேனா?” என்று கேட்டான்.

“கட்டின. அஞ்சாவது துளையில.”

“அஞ்சாவது துளை” என்றான் அவன். பஞ்சுவுக்கு எப்போதும் அதுதான். “அஞ்சாவது துளை” என்று இன்னொருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டான். முகம் என்னவோபோலக் கோணிக்கொண்டது. அழுகையா வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். மூன்று நாளாக நின்றவன்போல இருந்தது அவன் உட்கார்ந்தது.

“அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அவரை ஒருவாட்டி உள்ள போய்ப் பார்த்திருப்பேன்” என்றான்.

மன்னித்துக்கொள் என்பது அவளுக்கு அந்த இடத்தில் மிகவும் சின்னதாகப்பட்டது.

லாடம் சொம்பிலிருந்த தண்ணீரை எடுத்து முகத்தைக் கழுவினான். எழுந்து, அவளைத் தாண்டி, தெருவைக் கடந்து, வீட்டுக்குள் போனான். நாத்தனார் வழிவிட்டாள். பெட்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். லாயத்தில் எந்தக் குதிரை எங்கே நிற்கிறது என்று பார்க்கிற பார்வை. மற்றவர்களைவிட அவன் ஒரு சாண் குள்ளம். தோள்துண்டை நாலாக மடித்துத் தோள்மேல் வைத்து உயரத்தைச் சரிக்கட்டிக்கொண்டு, தலைமாட்டில் வலதுபக்கம் நின்றான். முதலாளி அவனுக்கு நேர் எதிரே நிற்க வேண்டியிருந்தது. இருவர் கண்ணும் சந்திக்கவில்லை.

தூக்கினார்கள்.

வேனுக்குள் இரண்டு பக்கமும் நீளப் பலகை. நடுவில் பெட்டி. வாத்தியாரம்மா ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடமிருந்தும் யாரும் உட்காரவில்லை. ஆண்கள் பின்னால் வண்டிகளில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நாத்தனார் எதிர்ப்பலகையில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியாக லாடம் ஏறினான். இரண்டு பலகையையும் பார்த்தான். பிறகு எதிலும் உட்காராமல் பெட்டியின் தலைமாட்டில், தரையில் சம்மணம் போட்டுக்கொண்டான்.

தெரு தாண்டியதும் சாலை மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒரு திருப்பத்தில் வேன் சாய, பெட்டி வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். லாடம் தலைப்பக்கத்தைப் பிடித்தான். நாத்தனார் உள்ளங்கையை விளிம்பில் வைத்துத் தள்ளினாள். வாத்தியாரம்மா தன் பக்கத்தில் தாங்கினாள். பெட்டி நின்றது.

திருப்பம் முடிந்து சாலை நேரானது. டிரைவர் வேகம் பிடித்தார். பெட்டி இப்போது அசையவில்லை. யாரும் கையை எடுக்கவில்லை.